பதினோரு விநாடி

முதலில் கடிகாரத்தைச் சரிபார்த்தேன்.
கூரையில் தொங்கும் எட்டு வைஃபை பெட்டிகளில்
மூன்றாவது
நாலு நிமிடம் பிந்தி வாழ்ந்துகொண்டிருந்தது.
பிந்திய கடிகாரத்தோடு சாட்சிக்கூண்டில் ஏறினால்
உண்மையும் எடுபடாது.

கலீசியாவின் மேற்குக் கரை. விடியற்காலை நாலரை.
மீன் ஏலக் கூடம். ரப்பர் பூட்ஸ், ஐஸ் வாரும் சத்தம்.
இங்கே ஏலம் ஏறாது, இறங்கும்.
சுவரில் சிவப்பு எண்கள் சரிந்துகொண்டே வர
கைக்கருவியில் முதலில் அமுக்கியவருக்குக் கூறு.
அமுக்கியும் கிடைக்கவில்லை என்கிறாள் சபேலா.
ஒரு மாதத்தில் ஐந்து முறை.
ஐந்தையும் தட்டிப்போனவர் லோரிதோ.
அவர் பொத்தான் மட்டும் மேசையோடு கம்பியில் கட்டியது.
கம்பிக்காரனும் ஏலக்காரனும் கூட்டு என்று
காப்பிக்கடை வரை பேச்சு.
மற்றவர்கள் தங்கள் விரல்தான் மந்தமென்று இருந்துவிட்டார்கள்;
சபேலா தன் விரலை நம்பினாள்.

காற்றைப் பிடிக்க என்னை அனுப்பினார்கள்.

ஏணி வேண்டாம், மடிக்கணினி போதும்.
எந்த ரேடியோ? இரண்டாவது, ஐந்து கிகா.
எந்தச் சானல்? இப்போது அது நிற்பது நூற்றிருபதில்.
ஃபில்டரில் சபேலாவின் கருவி எண், பன்னிரண்டு எழுத்து;
அதோடு பெட்டி ஊருக்கெல்லாம் அறிவிப்பவை.
ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் தொண்ணூற்றாறு பைட் மட்டும்:
உறை மேல் முகவரி போதும் எனக்கு,
உள்ளே இருப்பது அவள் சமாச்சாரம்.
பெட்டிக்கு ஞாபகம் ஒரு கைப்பிடி,
ஆகவே பிடித்ததை உடனுக்குடன் என் பக்கம் தள்ளு,
ஐம்பது மெகா நிறைந்தால் பழையதை விழுங்கு.
தொடங்கு.

மூன்று விடியல் ஒன்றுமில்லை.
கடல் எண்ணெய் போலக் கிடந்தது.
"உன் வலையில் என்ன விழுந்தது?" என்பாள் சபேலா.
"நீதான். ஓயாமல்
இருக்கிறேன், இருக்கிறேன் என்கிறாய்."
சிரிக்கவில்லை.

நாலாம் நாள் தென்மேற்கு கறுத்தது.
படகுகள் ஒன்றையொன்று முந்திக் கரைக்கு வந்தன.
பெட்டி பெட்டியாகப் பேய்க்கணவாய்.
ஐந்து பதினேழு. கிலோ ஒன்பது யூரோ நாற்பது.
அவள் அமுக்கியதை நான் பார்த்தேன்,
கட்டைவிரல் நகம் வெளுத்தது.
எண்கள் சட்டை செய்யாமல் இறங்கின.
ஆறு பதினைந்தில்
லோரிதோ.

கோப்பைத் திறந்தேன்.
வரிசை வரிசையாக அவள் கருவியின் குரல்.
பிறகு பெட்டியின் அறிவிப்பு:
இந்தச் சானலை விடுகிறேன், நாற்பத்துநாலுக்கு வா,
மூன்று, இரண்டு, ஒன்று.
பழங்கருவிக்கு அந்தப் பாஷை தெரியாது.

பிறகு நாற்பத்துநாலில், மூச்சிரைக்க,
என்னைச் சேர்த்துக்கொள் என்று ஒரு வேண்டுகோள்.
நடுவில் பதினோரு விநாடி.

விரட்டியது யார்? கோப்பில் இல்லை.
பாக்கெட்டாகப் பேசாத எதுவும்
இந்த வலையில் விழாது.
நாலு நாளாக நான் புரட்டாத வேறொரு ஏட்டில்
பெட்டியே எழுதிவைத்திருந்தது, ஒரே வரி:
ரேடார் கேட்டது.

குன்றின் மேல் புதிதாக வைத்த வானிலை ரேடார்.
வானம் கறுத்தால் தாழக் குனிந்து மழையைத் தேடுமாம்.
அந்த அலைவரிசையில் வைஃபை வெறும் குடக்கூலி;
வீட்டுக்காரர் குரல் கேட்டதும் எழுந்துவிட வேண்டும்,
அரைமணிக்குத் திரும்பக் கூடாது. சட்டம்.

திரையை அவளிடம் திருப்பினேன்.
"ரேடார் எங்கே?"
"இந்த இரண்டு வரிக்கு நடுவில்."
"நடுவில் ஒன்றுமில்லையே."
"ஆமாம்."
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.
"வெறும் இடத்தைக் காட்டி
லோரிதோவிடம் நான் என்னவென்று போய்ச் சொல்ல?"

சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ரேடாருக்குரிய சானல்களைப் பட்டியலில் ஒவ்வொன்றாக நீக்கினேன்.
பிடிப்பதை நிறுத்தினேன். கோப்பை அழித்தேன்.
மறுநாள் விடிவதற்குள் போன் வந்தது, சபேலா:
தும்மல் வந்ததாம், விரல் பட்டதாம்,
நாற்பது கிலோ கானாங்கெளுத்தி அவள் தலையில்,
யாரும் கேட்காத விலைக்கு.
"தொட்டதும் போய்விடுகிறது இப்போது," என்று கத்தினாள்,
"என்ன செய்துவைத்தாய் நீ?"